திரையேறாத நெய்வேலி

2020ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் ஒரு திரைப்படப் பிடிப்பு நிகழ்ந்தது. 'மாசுட்டர்' என்று ஆங்கிலப் பெயர் சூடிய தமிழ்ப்படம்; நடித்தவர் விசய். வருமான வரி அலுவலர் படப்பிடிப்பு இடத்துக்கே வந்து அவரை அழைத்துச் சென்று உசாவினர் என்னும் செய்தி பரவியதும், சுரங்க வாயிலின் முன் நாள்தோறும் மக்கள் குவிந்தனர். ஒருநாள் அந்நடிகர் ஓர் ஊர்தியின் கூரைமேல் ஏறி நின்று, கடல்போல் திரண்டிருந்த இளைஞரைப் பின்னணியாக்கித் தற்படம் எடுத்துக்கொண்டார். அப்படம் நாடெங்கும் பரவியது. நெய்வேலி என்னும் பெயரை அதுகாறும் கேட்டறியாத வடபுலத்தாரும் அன்று அதனைக் கேட்டனர்.

அக்கூட்டத்தைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. நடிகரைக் காணும் வேட்கை தமிழ்நாட்டில் புதியதும் அன்று. நம் நெஞ்சை அறுப்பது வேறொன்று. அந்த இளைஞருள் பலர் நிலக்கரித் தொழிலாளரின் பேரர். தம் பாட்டன் மண் வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, அப்பள்ளத்தைப் பாராமல், அதன்முன் நின்ற ஒருவரைப் பார்த்தனர். திரைப்படத்துக்கோ அச்சுரங்கம் வெறும் களப்பின்னணி. சண்டைக்கு ஏற்ற புழுதிக்காடு. நெய்வேலி என்பதே ஒரு பெருங்கதை. அக்கதைக்கு இன்றுவரை ஒரு படம் இல்லை என்னும் எண்ணம் அங்கு நின்ற ஒருவருக்கேனும் தோன்றியிருக்குமா?

இன்று உலகெங்கும் ஒருவகைப் படம் பெருகி வருகின்றது. ஒரு தொழில்நுட்ப நிறுவனம் எவ்வாறு தோன்றியது, தோற்றுவித்தவர் யாவர், அவர்க்குள் யார் யாரை வஞ்சித்தனர் என்பதே அதன் கதைப்பொருள். 2010இல் அமெரிக்கர் முகநூல் நிறுவனம் பிறந்த கதையைப் படமாக்கினர். 2004இல் ஒரு பல்கலைக்கழக விடுதியறையில் தோன்றிய நிறுவனம் அது. ஆறே ஆண்டுகளில் அதன் பிறப்பு அவர்க்கு வரலாறாகிவிட்டது; வரலாறு திரைக்காட்சியாகிவிட்டது. அப்படத்தில் வெடியில்லை, வாளில்லை. எண்ணம் யாருடையது, பங்கு யாருக்கு என்று வழக்கறிஞர் முன் நண்பர்கள் வாதிடுவதே பெரும்பகுதி. ஆயினும் கண்ணிமைக்காமல் உலகம் அதனைப் பார்த்தது. நாமும் பார்த்தோம். அந்நிறுவனத்துக்கு 'முகநூல்' என்று அழகிய தமிழ்ப்பெயர் சூட்டினோம். அத்தோடு நம் பங்கு முடிந்தது.

இவ்வகைப் படம் தமிழுக்குப் புதியது என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்கரினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னதாகவே நாம் இதனைச் செய்திருக்கின்றோம். 1961 நவம்பரில் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' வேறென்ன? விடுதலைப் போர்ப் படம் என்றே அதனைக் கூறிப் பழகிவிட்டோம். அதன் நடுத்தண்டு ஒரு கும்பணியின் தோற்றமும் அழிவும் ஆகும். அற்றை நாளின் தலையாய தொழில்நுட்பம் நீராவிக் கப்பல். 1906இல் தூத்துக்குடியில் அத்தொழில்நுட்பத்தைத் தம் கையில் எடுத்து, பத்து இலக்கம் உருபா முதலீட்டுக்கு, ஒன்று இருபத்தைந்து உருபா வீதம் நாற்பதாயிரம் பங்குகள் என்று வகுத்து, ஊர்ஊராய்ச் சென்று பங்கு திரட்டியவர் வ.உ.சிதம்பரனார். பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் இருந்தாலும் மக்கள் நாவில் அது 'சுதேசி நாவாய்ச் சங்கம்' என்றே வழங்கியது. முதற்சொல்லும் ஈற்றுச்சொல்லும் வடமொழி ஆயினும், நடுவில் நிற்கும் நாவாய் வள்ளுவர் ஆண்ட சொல். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது 1916இல். அதற்குப் பத்தாண்டுக்கு முன்னரே ஒரு பங்குக் கும்பணியின் பெயரில் இவ்வளவு தமிழ் இருந்தது என்பதை மறத்தல் கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அக்கும்பணியின் தலைவராய் இருந்தவர் யார்? 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரையார். தமிழ்ச்சங்கத்துக்குத் தலைவரே கப்பல் கும்பணிக்கும் தலைவர்! கும்பணியைத் தோற்றுவித்தவரோ பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவர். திருக்குறளுக்கு உரை கண்டவர். மொழிப்பற்று வேறு, தொழில்முயற்சி வேறு என்று நம்மைப் பார்த்து இளிக்கும் 'நடைமுறை'க்காரர் இவ்விருவர் வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். தமிழைக் காத்தல் என்பது ஏட்டுச்சுவடியைப் பூச்சி அரிக்காமல் வைத்திருப்பதோடு முடிவதன்று என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தனர்.

பிரித்தானியக் கும்பணி என்ன செய்தது? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கட்டணத்தை ஒரு உருபாவாகக் குறைத்தது. நம்மவர் எட்டணா ஆக்கினர். அவர்கள் கட்டணமே இல்லை என்றனர்; ஏறுவோர்க்கு ஒரு குடையும் இலவயம் என்றனர். பணக்காரன் எதிரியை வீழ்த்தும் முறை நூறாண்டாக மாறவில்லை. இன்றும் இணையத்தில் புதுக்கடை விரிக்கும் பெருமுதலாளி முதலில் குடைதான் கொடுக்கின்றான். 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். இரட்டை வாணாள் தண்டனை விதிக்கப்பெற்று, பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பெற்றது. அவர் சிறையில் இருக்கும்போதே 1911இல் கும்பணி கலைந்தது. 1912இல் அவர் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, கைப்பொருளும் இல்லை.

இக்கதையை ம.பொ.சிவஞானம் நூலாக எழுத, பந்துலு படமாக்க, சிவாசி கணேசன் சிதம்பரனாராகவே வாழ்ந்து காட்டினார். தோல்வியைத் தோல்வியாகவே காட்டிய நேர்மை அப்படத்துக்கு உண்டு. ஆனால் தமிழ்மக்கள் திரையரங்குக்கு வரவில்லை. கும்பணிக்கு நேர்ந்ததே படத்துக்கும் நேர்ந்தது; போட்ட பணம் திரும்பவில்லை. பின்னர்த்தான் அதனைப் போற்றத் தொடங்கினோம். காலங்கடந்து போற்றுவது நமக்குக் கைவந்த கலை.

ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2020 நவம்பரில், மற்றொரு நிறுவனத்தின் பிறப்புக்கதை தமிழில் வந்தது. சுதா கொங்கரா இயக்கி, சூரியா நடித்த 'சூரரைப் போற்று'. பெயர் பாரதியாரின் புதிய ஆத்திசூடியிலிருந்து எடுக்கப்பட்டது. சூரர் தென்சொல்லா வடசொல்லா என்னும் ஆராய்ச்சியை ஈண்டு விட்டுவிடுவோம். 'மாசுட்டரை'விட எவ்வளவோ மேல். 2003இல் குறைந்த கட்டண வானூர்தி நிறுவனத்தைத் தொடங்கிய கன்னட நாட்டுக் கோபிநாத்தின் வாழ்க்கை நூலைத் தழுவி, அவரைச் சோழவந்தான் ஆசிரியர் ஒருவரின் மகனாக்கிப் புனைந்த கதை அது.

படம் நன்று. ஐயமில்லை. தந்தை சாகுந்தறுவாயில் இருக்க, ஊருக்குப் பறந்து செல்லப் பயணச்சீட்டுக்குப் பணம் போதாமல், வானூர்தி நிலையத்தில் முன்பின் அறியாதவரிடம் கையேந்தி அழும் அந்த ஒரு காட்சி போதும். ஏன் எளியவன் பறக்கவேண்டும் என்பதற்கு வேறு உரை தேவையில்லை. எளியோனின் கையைத் தொட்டுவிட்டுத் தன் கையைத் தூய்மை செய்துகொள்ளும் பெருமுதலாளியையும் அப்படம் மறக்கவியலாதவாறு காட்டிற்று. இந்திய அரசின் விருதுகள் ஐந்து அதற்கு 2022இல் அறிவிக்கப்பெற்றன, தக்க பெருமையே.

ஆயினும் மூன்று செய்திகள் உறுத்துகின்றன. அக்கதைத்தலைவன் பெயர் நெடுமாறன். பாண்டியன் பெயர்! ஊர் சோழவந்தான். பேச்சு மதுரைத் தமிழ். ஆனால் அவன் நிறுவனத்துக்குச் சூட்டும் பெயரோ 'டெக்கான்'. தக்கணம் என்னும் வடசொல் ஆங்கிலர் வாயில் திரிந்து உருவானது அச்சொல். உண்மை நிறுவனத்தின் பெயர் அது என்பர். மாந்தனையே மாற்றிவிட்டவர்க்குப் பெயர்ப்பலகையை மாற்ற முடியவில்லையா? வையைக் கரையில் பிறந்தவன் தன் வானூர்திக்கு வையை என்று பெயரிட்டால் அது பறக்காதா? தமிழன் கனவு காணலாம், அழலாம், சண்டையிடலாம். ஆனால் நிறுவனம் என்று வந்துவிட்டால் பெயர் வேற்றுமொழியில்தான் இருக்கவேண்டும் என்று நம் படைப்பாளர் உள்ளத்திலேயே ஓர் எல்லைக்கோடு கிழிக்கப்பட்டிருக்கின்றது.

அடுத்தது, முடிவு. படத்தில், கூட்டுச் சேரலாம் என்று அழைக்கும் செல்வர் ஒருவரின் வேண்டுகோளைக் கதைத்தலைவன் மறுத்து நிமிர்ந்து நடக்கின்றான். உண்மையில் நடந்ததோ வேறு. 2007இல் அந்நிறுவனத்தின் பெரும்பங்கு மதுவாலை முதலாளியான விசய் மல்லையாவின் குழுமத்திடம் சென்றது; பெயர் மாற்றப்பெற்றது; 2012இல் அவர்தம் வானூர்திகள் அனைத்தும் தரையில் நின்றன. 'கப்பலோட்டிய தமிழன்' தோல்வியை மறைக்கவில்லை, இது மறைத்தது. இரண்டு படங்களுக்கும் இடையே நம் துணிவு குறைந்துவிட்டதா, அல்லது தோற்றவனைப் பார்க்கும் பொறுமை மக்களுக்கு இல்லை என்னும் வணிகக் கணக்கா? இரண்டும் எனலாம்.

மூன்றாவது சிறியது, ஆனால் சிரிப்பு வருகின்றது. ஒரு உருபாவுக்கு எளியோரைப் பறக்கவைக்க முனைந்தவனின் கதை, அமேசான் என்னும் அமெரிக்கப் பெருநிறுவனத்தின் இணையத்தளத்தில், கட்டணம் செலுத்திய உறுப்பினர்க்கே முதற்கண் காட்டப்பட்டது. தொற்றுநோய்க் காலம், வேறு வழியில்லை என்பர். இருக்கலாம். வழி இல்லாமற் போவது எப்போதும் எளியவனுக்குத்தான்.

இனி நெய்வேலிக்கு வருவோம்.

1935ஐ ஒட்டிய காலம். தென்னார்க்காட்டு மாவட்டம், திருமுதுகுன்றத்தை அடுத்த வானம் பார்த்த செம்மண் மேடு. அங்கே சம்புலிங்கனார் என்னும் பெருநிலக்கிழார் (சம்புலிங்க முதலியார் என்றே ஊரார் அழைப்பர்) தம் நிலத்தில் நீருக்காகக் கிணறு தோண்டுவிக்கின்றார். நீரோடு கரிய பொருள் ஒன்றும் வருகின்றது. தீயிலிட்டால் எரிகின்றது. வேறொருவராயின் மண்ணைத் தள்ளிவிட்டு வேறிடத்தில் தோண்டியிருப்பார். அவர் அதனை அரசுக்கு அறிவித்தார்; ஆய்வு செய்யுமாறு வேண்டினார்; பின்னாளில் தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரைத் திட்டத்துக்கே கொடையாக வழங்கினார். திரைக்கதை எழுதுவோரே! ஒரு படத்துக்கு இதனினும் சிறந்த தொடக்கக் காட்சி வேண்டுமா? நீரைத் தேடியவன் நெருப்பைக் கண்டான்.

அதற்குப் பின் நாற்பதுகளில் நிலத்தைத் துளையிட்டு ஆய்ந்தனர். ஐம்பதுகளில் மாதிரிச் சுரங்கம் வெட்டினர். பெரிய தடை நெருப்பன்று, நீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிக்க ஊற்றுநீர் அடைபட்டுக் கிடக்கின்றது. மேல்மண்ணை அகற்ற அகற்ற, அந்நீர் படுகையைப் பிளந்துகொண்டு மேலே பீறிடும், பள்ளமே ஏரியாகிவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைகள் இட்டு, இரவும் பகலும் ஒரு நாழிகையும் நிறுத்தாமல் நீரை இறைத்துக்கொண்டே இருந்தாலன்றிக் கரியை எடுக்கவியலாது. இறைப்பு நின்றால் எல்லாம் போயிற்று. சீறும் நீருக்கும் விழித்திருக்கும் மாந்தனுக்கும் இடையே முடிவில்லாப் போர்! இதனினும் சிறந்த பகைவனை எந்தக் கதாசிரியன் படைத்துவிடுவான்?

1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவாயிற்று. அற்றை முதலமைச்சர் காமராசர். அவர்தம் அக்கறையும் விடாப்பிடியும் இல்லையேல் தில்லி இதனைக் கையிலெடுத்திராது. 1957 மே 20இல் நேரு சுரங்கவெட்டைத் தொடங்கிவைத்தார். திட்ட அறிக்கை வரைந்தோர் பிரித்தானியர். பெருஞ்சக்கரத்தில் வாளிகள் பொருத்தி மண் அள்ளும் பொறிகள் செருமனியிலிருந்து வந்தன. மின்நிலையத்துக்குத் துணைநின்றது சோவியத்து உருசியா. மூன்று நாட்டு அறிவும் இங்கே கூடின. வியர்வை மட்டும் தமிழனுடையது. நான்காண்டு மண்ணை மட்டுமே அள்ளினர். கரியைக் காணோம். எள்ளி நகைத்தோர் இருந்திருப்பர். அஞ்சி உறங்காதோரும் இருந்திருப்பர். 1961 ஆகத்தில் கரி வெளிப்பட்டது. 1962இல் மின்விளக்கு எரிந்தது. கப்பல் கும்பணியின் கதை திரையில் ஓடித் தோற்ற அதே 1961இல்தான், ஐந்தாண்டு உழைப்பின் பயனாக நெய்வேலியில் கரி கிடைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு கதையைப் படமாக்கிய கையோடு அடுத்த கதையையும் எடுத்திருக்கலாம். எடுத்திலோம்.

"அரசு நிறுவனத்துக்குத் தனித்தலைவன் இல்லையே, யாரை வைத்துப் படமெடுப்பது?" என்று நண்பர் ஒருவர் வினவினார். நல்ல வினா. கிணறு தோண்டியவர் ஒருவர், ஆய்ந்தவர் பலர், முடிவெடுத்தவர் வேறொருவர், மண் வெட்டியவர் ஆயிரவர். இத்தனை பேர் இருப்பதே குறை என்றால், ஒருவனையே வணங்கிப் பழகிய நம் கண்ணின் குறை அது. கதையின் குறை அன்று. முகநூல் படத்திலும் ஒருவன் இல்லை. தோற்றுவித்தது நானே என்று கூறிக்கொள்வோர் பலர். அதுவே அதன் சுவை. நெய்வேலியைத் தோற்றுவித்தவர் யார் என்னும் வினாவுக்கு விடை தேடுவதே படமாக அமையலாம்.

அவ்விடையைத் தேடப் புகுந்தால் ஒரு கசப்பான பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும். நிலத்தைத் தந்தோரின் பக்கம் அது. மனமுவந்து கொடுத்தவர் ஒருவர், எடுத்துக்கொள்ளப்பட்டோர் பல்லாயிரவர். சிற்றூர்கள் பெயர்ந்தன, கோயிலும் குளமும் இடுகாடும் பள்ளத்துள் போயின. 2023 சூலையில் வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, பசுமையாய் நின்ற நெற்பயிரின்மேல் மண்வாரிப் பொறிகள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்துப் பதறியது. அந்நிலத்துக்குப் பணம் முன்னரே கொடுத்தாயிற்று என்றனர். கொடுத்திருக்கலாம். விளைந்துகொண்டிருக்கும் பயிரை அழிக்க உழவன் மனம் ஒப்புமா என்பதே வினா. அதுவும் அப்படத்தில் இடம்பெறவேண்டும். 2020 சூலை முதல்நாள் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் கருகி மாண்டதும் இடம்பெறவேண்டும். இவற்றை விட்டுவிட்டு எடுத்தால் அது படமன்று. நிறுவனத்தின் ஆண்டு நாட்காட்டி.

பெயரின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நெய்வேலி! வேலி என்பது தமிழன் நிலத்தை அளந்த அளவு. உழவன் வாயில் பிறந்த பெயர். அறுபது ஆண்டு அப்பெயர் நிறுவனத்தின் முகப்பில் முழுமையாக நின்றது. பக்கத்தில் நின்ற சொற்கள் ஆங்கிலமாயினும் தலைச்சொல் தமிழ்ச்சொல். 2016இல் பெயரை மாற்றினர். இப்போது அது 'என்.எல்.சி. இந்தியா'. நெய்வேலி ஓரெழுத்தாகச் சுருங்கியது. அவ்வெழுத்தும் ஆங்கில எழுத்து. இந்தியா மட்டும் முழுச்சொல்லாய் அமர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது, கேட்பாரில்லை. பிறமாநிலங்களிலும் தொழில் விரிவதே கரணியம் என்றனர். அமெரிக்க நிறுவனங்கள் உலகெங்கும் விரிகின்றன. தம் ஊரின் பெயரை யாரேனும் நாணி மறைக்கின்றனரா? முதலில் பெயர் போகும். பிறகு வேலை போகும். அதன்பின் அங்கு யார் இருந்தனர் என்னும் நினைவும் போகும்.

ஒன்று மட்டும் மனத்துக்கு ஆறுதல். நகரியத்தில் குடியிருப்புப் பகுதிகளை ஆங்கிலத்தில் 'பிளாக்கு' என்று எழுதிவைத்தனர். மக்கள் 'வட்டம்' என்றனர். பதினொன்றாம் வட்டம், பத்தொன்பதாம் வட்டம் என்று முகவரி எழுதாதவர் நெய்வேலியில் உண்டா? எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி ஆக்கியதன்று, ஆணையும் இல்லை. அவ்வாறே சுரங்கத்துள்ளும் 'மேல்மண்', 'ஊற்றுநீர்' என்று தமிழ் புழங்குகின்றது. பொறிகளின் பெயரும் உறுப்புகளின் பெயரும் பணிமுறைகளின் பெயரும் தொழிலாளர் நாவில் எத்தனை உருவெடுத்தனவோ! தொகுத்தவர் யார்? பல்கலைக்கழகங்கள் கலைச்சொல் அகராதியை அறைக்குள் இருந்துகொண்டு ஆக்குகின்றன. அறுபது ஆண்டாகக் கலைச்சொல் வளர்த்த சுரங்கத்துக்கு ஒருவரும் சுவடியோடு வந்திலர்.

நெய்வேலியின் பிறப்பைப் படமாக எடுப்போர் அச்சொற்களையே பேசவைக்கவேண்டும். பொறியாளர் ஆங்கிலத்தில் முழங்க, தொழிலாளி தலைசொறிந்து நிற்கும் வழக்கமான காட்சி வேண்டவே வேண்டா. தொழில்நுட்பம் பேசும்போது தமிழன் தமிழிலேயே பேசினான் என்பதற்கு நெய்வேலியே சான்று.

இதற்குக் கோடிகள் வேண்டும், முதலாளிகள் வரமாட்டார், அரசும் எடுக்காது. உண்மையே. ஆயின் முதலடிக்குக் கோடி வேண்டியதில்லை. 1957இல் இருபது அகவையில் மண் வெட்டத் தொடங்கியவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்திருப்பர். மந்தாரக்குப்பத்திலும் வேலுடையான்பட்டிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் அத்தகையோர் ஓரிருவரேனும் இருப்பின், அவர்முன் சென்று அமர்க. உங்கள் கைப்பேசியிலேயே ஒளிப்படக் கருவி இருக்கின்றது. நடிகரோடு தற்படம் எடுக்கப் பயன்பட்ட அதே கருவிதான். முதல்நாள் எந்த இடத்தில் வெட்டினீர்கள், பீறிட்ட நீரை எவ்வாறு அடக்கினீர்கள், அப்பொறியை நீங்கள் என்ன பெயரால் அழைத்தீர்கள், உங்கள் பழைய ஊரின் பெயர் என்ன, அது இப்போது பள்ளத்தின் எப்பகுதியில் இருக்கின்றது என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல், வெட்டாமல், பதிவு செய்யுங்கள். பதிவை எமக்கு அனுப்பினால், அதில் வரும் சுரங்கச் சொற்களைத் திங்கள்தோறும் இவ்விதழில் ஒரு பக்கம் வெளியிடுவோம்.